சர்வரின் வாசலில் நிற்கும் வரிசை: லோட் ஆவரேஜ் ஓர் அறிமுகம்

லினக்ஸ் இயங்கும் எந்தக் கணினியிலும் டெர்மினலைத் திறந்து 'அப்டைம்' என்ற கட்டளையைத் தட்டினால் ஒரே ஒரு வரி வரும். இப்போது மணி என்ன, இயந்திரம் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது, எத்தனை பேர் உள்நுழைந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மூன்று எண்களைக் காட்டும். 3.40, 1.85, 0.92 என்பது போல. 'டாப்', 'டபிள்யூ' ஆகிய கட்டளைகளின் முதல் வரியிலும் இதே மூன்று எண்கள் இருக்கும். இவற்றுக்குத்தான் லோட் ஆவரேஜ் என்று பெயர்.

இந்த எண்களைப் பார்த்துப் பதறுகிறவர்களைக் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் அடிக்கடி சந்திக்கிறேன். பெரிய நிறுவனங்களில் சர்வரைக் கவனிக்கத் தனியாக ஆள் இருப்பார். மாங்கூழ் தொழிற்சாலை, கிரானைட் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், தனியார் பள்ளி என்று ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் இடங்களில், கணக்கு எழுதுகிறவரே கணினியையும் பார்த்துக்கொள்கிறார். திரையில் 8 என்று தெரிந்ததும், சர்வர் தாங்கவில்லை, புதிது வாங்கியாக வேண்டும் என்று அலுவலகமே முடிவுக்கு வந்துவிடுகிறது. விற்பவரும் மறுப்பதில்லை. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத செலவு அது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த வருத்தம்தான்.

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகளில் படித்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போகும் மாணவர்களுக்கும் இது பயன்படும். லோட் ஆவரேஜ் என்றால் என்ன என்று கேட்டால், சிபியு (கணினியின் மையச் செயலி) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதன் அளவு என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது பிழை. இந்த எண்ணுக்கும் சதவீதத்துக்கும் தொடர்பு இல்லை. இது ஒரு தலைக்கணக்கு: இந்த நேரத்தில் வேலை கேட்டு எத்தனை பணிகள் நிற்கின்றன என்ற எண்ணிக்கை.

எடைமேடையும் சிபியுவும்

மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு மாங்கூழ் தொழிற்சாலையைத் தாண்டிப் போனால், பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் எடைமேடைக்காக வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். மேடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏற முடியும். தொழிற்சாலைக் காவலாளி குறிப்பிட்ட இடைவெளியில் வெளியே வந்து, மேடைமேல் நிற்கும் வண்டியையும் பின்னால் காத்திருக்கும் வண்டிகளையும் சேர்த்து எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோட்டில் உள்ள எண்களின் சராசரிதான் லோட் ஆவரேஜ். மேடைதான் சிபியுவின் கோர், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் அலகு. வண்டிதான் பணி, அதாவது ஓடத் தயாராக நிற்கும் ஒரு நிரல் அல்லது அந்த நிரலின் ஓர் இழை.

காவலாளி வேலை நடக்கும் வண்டியையும் எண்ணுகிறார், காத்திருக்கும் வண்டியையும் எண்ணுகிறார் என்பதைக் கவனியுங்கள். சராசரி 4 என்றால் மேடையில் ஒன்று, பின்னால் மூன்று. அதே தொழிற்சாலையில் நான்கு மேடைகள் இருந்தால் 4 என்ற எண்ணுக்குப் பொருளே வேறு: எல்லா மேடைகளும் நிறைந்திருக்கின்றன, யாரும் காத்திருக்கவில்லை. ஆகவே, மேடைகள் எத்தனை என்று தெரியாமல் வரிசையின் நீளத்தை மட்டும் சொல்வதில் பயனில்லை. உங்கள் கணினியில் எத்தனை மேடைகள் என்று அறிய 'என்ப்ராக்' என்ற கட்டளை இருக்கிறது. அது ஒரே ஓர் எண்ணைத் தரும். 8 என்று காட்டும் இயந்திரத்தில் லோட் 8 என்பது அவசரப்பட வேண்டிய செய்தி அல்ல. ஒற்றைக் கோர் உள்ள பழைய இயந்திரத்தில் அதே 8, ஒவ்வொரு பணியும் தனக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தில் எட்டில் ஒரு பங்கோடுதான் நகர்கிறது என்று சொல்கிறது. (ஒரு கோரை இரண்டு கோர்களாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் வசதி உள்ள சிபியுக்களில் என்ப்ராக் காட்டும் எண் உண்மையான கோர்களைப் போல் இரு மடங்கு இருக்கும். ஆனால் வேலைத்திறன் இரு மடங்காவதில்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சிபியு பயன்பாட்டுச் சதவீதம் 100-ஐத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு மேல் அதனால் எதையும் சொல்ல முடியாது. மேடை ஓயாமல் ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். பின்னால் நிற்பது மூன்று வண்டிகளா, தேசிய நெடுஞ்சாலை வரை நீண்ட முப்பது வண்டிகளா என்பது தெரியாது. லோட் ஆவரேஜுக்கு மேல்வரம்பு இல்லை. அதனால்தான் அரை நூற்றாண்டு கடந்தும் இந்த எளிய எண்ணிக்கை உயிரோடு இருக்கிறது.

ஒரு மேடை, சராசரி 1 என்றால் யாரும் காத்திருக்கவே இல்லை என்று பல அறிமுகக் கட்டுரைகள் எழுதுகின்றன. அதை அப்படியே ஏற்காதீர்கள். காவேரிப்பட்டணத்திலிருந்தும் பர்கூரிலிருந்தும் வண்டிகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. எப்போதும் மேடையில் ஒரே ஒரு வண்டி என்றாலும் சராசரி 1. பாதி நேரம் மேடை காலி, பாதி நேரம் மேடையில் ஒன்றும் பின்னால் ஒன்றும் என்றாலும் சராசரி 1தான். முதல் நிலையில் ஒருவரும் காத்திருக்கவில்லை. இரண்டாவது நிலையில் இருவரில் ஒருவர் காத்திருந்தார், மேடையோ பாதி நேரம் வெறுமனே கிடந்தது. சராசரி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால், சராசரி கோர் எண்ணிக்கையைத் தொடும் வரை எல்லாம் நலம் என்று நினைக்க முடியாது. கூட்டமாக வரும் வேலைகள் உள்ள சர்வரில் அதற்கு முன்பே தாமதம் தெரியத் தொடங்கும்.

ஓர் இடத்தில் மட்டும் எடைமேடையும் சிபியுவும் ஒத்துப்போவதில்லை. மேடையில் ஏறிய வண்டி எடை போட்டு முடிந்த பிறகுதான் இறங்கும். சிபியுவோ ஒவ்வொரு பணிக்கும் சில மில்லி விநாடிகள் கொடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும், பிறகு முதல் பணியை மீண்டும் கூப்பிடும். வரிசையில் நிற்கும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் லோட் அதிகமானால் கணினி நின்றுபோவதில்லை, எல்லாமே சேர்ந்து மெதுவாகிறது.

எண்ணிக்கையில் சேராதவை எவை என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 'பிஎஸ்' கட்டளை கொடுத்தால் 200, 300 பணிகள் வரிசையாக வந்து விழும். அப்போதும் லோட் 0.10 என்று காட்டலாம். அந்தப் பணிகளில் பெரும்பாலானவை தூங்குகின்றன. ஒன்று விசைப்பலகையில் நீங்கள் எதையாவது தட்டுவதற்காகக் காத்திருக்கிறது, இன்னொன்று வெளியிலிருந்து ஒரு கோரிக்கை வருவதற்காக. இவை இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பாத வண்டிகள், காவலாளியின் நோட்டில் இவற்றுக்கு இடமில்லை. மறுபக்கம், ஒரே ஒரு நிரல் எட்டு இழைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் லினக்ஸ் அதை எட்டாகவே எண்ணும். தரவுத்தளம் ஒன்று மட்டும் ஓடும் சர்வரில் லோட் 12 ஆகிவிடுவது இப்படித்தான்.

ஏன் மூன்று எண்கள்?

முதல் எண் 1 நிமிடத்துக்கானது, இரண்டாவது 5 நிமிடத்துக்கானது, மூன்றாவது 15 நிமிடத்துக்கானது. இடமிருந்து வலமாகப் படித்தால் நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கிப் போகிறீர்கள். 9.10, 4.20, 1.30 என்றால் சுமை இப்போதுதான் ஏறுகிறது. 1.30, 4.20, 9.10 என்றால் நெருக்கடி வந்து போய்விட்டது, நீங்கள் தாமதமாக வந்து பார்க்கிறீர்கள். மூன்றும் ஏறக்குறைய சமம் என்றால் இதுதான் இயந்திரத்தின் நிலையான நடை. மூன்று எண்களை வைத்தே ஏறுமுகமா இறங்குமுகமா என்று சொல்லிவிடலாம் என்பது இந்த அமைப்பின் அழகு.

ஆனால் 1 நிமிட எண் என்பது கடந்த ஒரு நிமிடத்தின் சராசரி என்று நேராகப் பொருள் கொள்ளக் கூடாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை பணிகளை எண்ணுகிறது. பழைய சராசரியில் 92 சதவீதத்தையும் புதிதாக எண்ணியதில் 8 சதவீதத்தையும் கூட்டி, அதைப் புதிய சராசரியாக வைத்துக்கொள்கிறது. அடுத்த 5 விநாடியில் மறுபடியும் அதே கணக்கு. இப்படிச் செய்வதால் பழைய எண்ணிக்கைகள் திடீரென்று மறைவதில்லை, படிப்படியாகத் தேய்கின்றன. 5 நிமிட எண்ணுக்கும் 15 நிமிட எண்ணுக்கும் அதே கணக்குத்தான், பழையதைப் பிடித்துவைக்கும் பங்கு மட்டும் இன்னும் அதிகம்: 98.3 சதவீதம், 99.4 சதவீதம். பழைய எண்ணிக்கைகளைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை என்பது இதில் உள்ள சிக்கனம். மூன்றே மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். தசம எண்களைக் கூடக் கெர்னல் இங்கே பயன்படுத்துவதில்லை. 1 என்பதை 2048 என்று வைத்துக்கொண்டு, 0.92-க்குப் பதிலாக 1884 என்ற முழு எண்ணால் பெருக்கி வகுத்துவிடுகிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். வேறு வேலை எதுவும் ஓடாத ஒரு லினக்ஸ் கணினி போதும். நான்கு கோர் கொண்ட ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி கிடைத்தால் கல்லூரி ஆய்வகத்துக்கு அது மிக நன்று. 'யெஸ்' என்றொரு கட்டளை உண்டு. நிறுத்தும் வரை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வெளியிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதன் வெளியீட்டை 'டெவ் நல்' என்ற வெற்றிடத்துக்குத் திருப்பி ஓடவிடுங்கள். இப்போது ஒரு கோர் முழு நேரமும் உழைக்கிறது, உண்மையான சுமை 1. ஆனால் ஒரு நிமிடம் கழித்து அப்டைம் கொடுத்தால் முதல் எண் 0.63 அளவில்தான் இருக்கும். இரண்டாவது 0.18, மூன்றாவது 0.06. இரண்டு நிமிடம் ஆனதும் முதல் எண் 0.86, மூன்று நிமிடத்தில் 0.95. முதல் எண் 1-ஐ எட்டிய பிறகு 'யெஸ்'ஸை நிறுத்துங்கள். வேலை ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 0.37 அளவில் நிற்கும். 1 நிமிட எண்ணில் ஏறக்குறைய 63 சதவீதம் கடந்த நிமிடத்தின் பங்கு, மீதி 37 சதவீதம் அதற்கு முந்தைய காலத்தின் பங்கு என்பது இந்தச் சோதனையில் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

சோதனையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். 'யெஸ்'ஸை எட்டு முறை ஓடவிடுங்கள். நான்கு கோர்களில் எட்டுப் பணிகள். லோட் மெல்ல 8-ஐ நோக்கி ஏறும், 'டாப்'பில் ஒவ்வொரு பணிக்கும் பாதிக் கோர் கிடைப்பது தெரியும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இம்முறை 'நைஸ்' கட்டளையைக் கொண்டு மிகக் குறைந்த முன்னுரிமையான 19-இல் அதே எட்டையும் ஓட்டுங்கள். லோட் மறுபடியும் 8-க்கே போகும். ஆனால் நீங்கள் டெர்மினலில் தட்டும் மற்ற வேலைகள் முன்னிலும் இலகுவாக ஓடும், ஏனென்றால் அந்த எட்டும் உங்கள் வேலைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. காவலாளிக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். யார் அவசரமாக வந்தார்கள், யார் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கிறார்கள் என்று அவருடைய நோட்டில் குறிப்பு இல்லை. இரவில் காப்புநகல் எடுக்கும் சர்வர்களில் லோட் உயர்ந்து நிற்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு சோதனையே போதுமான பதில்.

லினக்ஸ் மட்டும் ஏன் வேறு மாதிரி எண்ணுகிறது?

இதுவரை சொன்னது எல்லா யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். இனிச் சொல்லப்போவது லினக்ஸுக்கு மட்டும். என் அனுபவத்தில், தவறான முடிவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால்தான் வருகிறது.

லினக்ஸ் காவலாளி எடைமேடைக்காக நிற்கும் வண்டிகளை மட்டும் எண்ணுவதில்லை. தொழிற்சாலை வளாகத்துக்குள் சரக்கு இறக்கும் இடம் காலியாகட்டும் என்று நகராமல் நிற்கும் வண்டிகளையும் அதே நோட்டில் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார். கணினி மொழியில் சொன்னால், சிபியுவுக்காகக் காத்திருக்கும் பணிகளோடு, டிஸ்க்கிலிருந்து தரவு வருவதற்காக அசையாமல் காத்திருக்கும் பணிகளும் லோடில் சேர்கின்றன. 'பிஎஸ்' கட்டளையில் இந்த நிலைக்கு 'டி' என்ற எழுத்து அடையாளம். சாதாரணமாகத் தூங்கும் பணிக்கு 'எஸ்'. எஸ் நிலையில் இருப்பதைத் தட்டி எழுப்பலாம், நிறுத்தலாம். டி நிலையில் இருப்பது, கேட்ட தரவு வந்து சேரும் வரை பெரும்பாலும் எதற்கும் அசைவதில்லை.

இது தொடக்கத்திலிருந்து இருந்த ஏற்பாடு அல்ல. சுமைச் சராசரி என்ற எண்ணம் யூனிக்ஸுக்கு வெளியே, 1970-களின் தொடக்கத்தில் பிடிபி-10 இயந்திரங்களில் ஓடிய டெனெக்ஸ் இயங்குதளத்தில் இருந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் ஆவண வரிசையில் 546-ஆவது ஆவணம், 1973 ஆகஸ்ட் மாதத்தது, அந்த ஆண்டு ஜூலையில் டெனெக்ஸ் இயந்திரங்களின் சுமைச் சராசரி எவ்வளவு இருந்தது என்பதைத்தான் பேசுகிறது. அப்போது பல பேர் ஒரு கணினியைப் பங்கிட்டுக்கொண்டார்கள், எந்த இயந்திரத்தில் கூட்டம் குறைவு என்று தெரிந்தால் அங்கே போய் வேலை செய்யலாம். அன்றைய கணக்கு சிபியுவுக்கான வரிசையை மட்டும்தான் பார்த்தது.

லினக்ஸில் 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்ற நிரலாளர் ஒரு திருத்தத்தை அனுப்பினார். அவருடைய வாதம் நேரானது. நினைவகம் போதாமல் கணினி டிஸ்க்கைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும்போது, டிஸ்க் மெதுவானதாக இருந்தால் பணிகள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. சிபியு வரிசையில் யாரும் இல்லாததால் லோட் குறைகிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கோ கணினி முன்னைவிட மோசமாகத் தவழ்கிறது. இயந்திரம் மெதுவாகும்போது சுமை குறைந்ததாகக் காட்டும் அளவுகோல் எதற்கு? அந்தத் திருத்தத்துக்குப் பிறகு லினக்ஸின் லோட் சிபியுவுக்கான வரிசை மட்டுமாக இல்லாமல், முழு இயந்திரத்தின் மீதும் விழும் நெருக்கடியின் அளவாக மாறியது. காலப்போக்கில் மறந்துபோயிருந்த இந்தக் காரணத்தைப் பிரெண்டன் கிரெக் என்ற செயல்திறன் வல்லுநர் 2017-இல் பழைய மின்னஞ்சல் தொகுப்புகளிலிருந்து தேடி எடுத்தார். ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகிய இயங்குதளங்களில் இந்தக் கூடுதல் கணக்கு கிடையாது. அங்கே பழகிய கண்ணோடு லினக்ஸுக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

அந்தத் திருத்தம் சரியானதே என்பது என் கருத்து. பயனாளர் அனுபவிக்கும் தாமதத்தோடு எண் சேர்ந்து நகர்வதுதான் நியாயம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: இப்போது எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எதற்கான வரிசை என்று சொல்ல முடியாது.

ஒரு மாம்பழப் பருவத்தில் பாலக்கோடு பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. "சார், எண் 23-ஐத் தாண்டிவிட்டது, சர்வரையே மாற்றச் சொல்கிறார்கள்" என்றார் கணக்காளர். நான்கு கோர் இயந்திரம். 'டாப்'பைத் திறக்கச் சொன்னேன். சிபியு ஏறக்குறைய முழு ஓய்வில் இருந்தது. 23 பேர் வரிசையில், ஆனால் மேடை காலி. அப்படியென்றால் அந்த 23-ம் மேடைக்காக நிற்கவில்லை. 'பிஎஸ்' பட்டியலில் டி என்று குறித்திருந்த பணிகளை மட்டும் படிக்கச் சொன்னபோது எல்லாம் ஒரே பெயர்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பில்களைப் பக்கத்து அறையிலிருந்த சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும் பணி. காலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. சர்வருக்கு யுபிஎஸ் இருந்தது, சேமிப்புப் பெட்டிக்கு இல்லை. மின்சாரம் திரும்பிய பிறகும் பெட்டி தானாக எழவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு நகல் பணி புறப்பட்டு, இல்லாத பெட்டியின் பதிலுக்காகக் காத்து நின்றது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வரிசை 23 ஆகிவிட்டது. பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் ஓடி முடிந்தன. முதல் எண் சில நிமிடங்களில் 1-க்குக் கீழே வந்தது. 15 நிமிட எண் மட்டும் கால் மணி நேரம் கழித்தும் 8-க்குப் பக்கத்தில் நின்றது. இன்னும் சரியாகவில்லையே என்று அவர் மறுபடியும் கேட்டார். பழைய எண்ணிக்கை தேய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் இருபது கோர் சர்வரை வாங்கி வைத்திருந்தாலும் அன்று லோட் 23-ஆகவேதான் இருந்திருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் பார்ப்பது

ஆகவே லோட் உயர்ந்ததும் அடுத்து எழ வேண்டிய கேள்வி, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது. 'விஎம்ஸ்டாட்' கட்டளையின் முதல் இரண்டு பத்திகள் இதைப் பிரித்துச் சொல்கின்றன. 'ஆர்' என்ற பத்தி சிபியுவில் ஓடுபவை, அதற்காகக் காத்திருப்பவை. 'பி' என்ற பத்தி டிஸ்க் போன்றவற்றில் மாட்டியிருப்பவை. ஆர் கோர் எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டினால் சிபியு பற்றாக்குறை. பி பெருகினால் டிஸ்க்கையோ வலையமைப்பில் இணைத்த சேமிப்பையோ பாருங்கள். 'டாப்'பில் 'டபிள்யூஏ' என்று வரும் சதவீதமும் உதவும். டிஸ்க் வேலை முடியாமல் காத்திருந்ததால் சிபியு சும்மா இருந்த நேரம் அது. பழைய சுழலும் வன்தட்டு உள்ள கணினிகளிலும், எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெரி பையிலும் இதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள்.

வாடகைக்கு எடுத்த மேகக் கணினியாக இருந்தால் 'டாப்'பில் 'எஸ்டி' என்ற எண்ணையும் பார்த்துவிடுங்கள். அதே வன்பொருளில் குடியிருக்கும் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் அது. அது உயர்ந்தால் உங்கள் நிரலைத் திருத்திப் பயனில்லை. ஒரே இயந்திரத்தில் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கொள்கலனுக்குள் இருந்து லோட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பொதுவாக அங்கே தெரிவது கொள்கலனின் சுமை அல்ல, அதைத் தாங்கும் முழு இயந்திரத்தின் சுமை.

எத்தனை வரை போகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கோருக்கு 0.7 வரை என்று ஒரு வாய்மொழி விதி உலவுகிறது. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு முழுக்க அறிக்கை தயாரிக்கும் சர்வரில் கோருக்கு 2 என்று போனாலும், காலைக்குள் வேலை முடிந்தால் குறை ஒன்றுமில்லை. பில் போடும் இடத்தில் ஆள் நிற்க, நான்கு கோர் இயந்திரம் லோட் 2-லேயே திணறினால் அது கவனிக்க வேண்டிய பிரச்சினை. உங்கள் இயந்திரத்தின் வழக்கமான எண்தான் உங்களுக்கு உரைகல். கூட்டம் உள்ள வாரத்திலும் இல்லாத வாரத்திலும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அப்டைம் வரியைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு ஒரு நாள் எண் விலகும்போது அது விலகல் என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் கணக்கைச் செய்யும் மூலக் கோப்பின் தலைப்பிலேயே, இது அற்பமான எண், ஆனாலும் மக்கள் முக்கியமென்று கருதுகிறார்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் 2018 இறுதியில் வந்த 4.20 பதிப்பிலிருந்து கெர்னல் இன்னொரு அளவையும் தருகிறது. 'பிராக்' அடைவுக்குள் 'பிரஷர்' என்ற துணை அடைவைத் திறந்தால் சிபியு, மெமரி, ஐஓ (டிஸ்க் போன்றவற்றோடு நடக்கும் தரவுப் பரிமாற்றம்) என்று மூன்று கோப்புகள் இருக்கும். (சில விநியோகங்களில் இந்த வசதியைத் தொடக்க அமைப்பில் தனியாக இயக்க வேண்டியிருக்கும்.) ஒவ்வொன்றும் கடந்த 10 விநாடி, 60 விநாடி, 300 விநாடிகளில் அந்த வளம் போதாமல் பணிகள் தடைபட்டு நின்ற நேரம் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. லோட் ஒரே நோட்டில் கலந்து எழுதியதை இது மூன்று நோட்டாகப் பிரித்து எழுதுகிறது. பழைய பதிப்பு ஓடும் சர்வர்களில் இது கிடைக்காது, அங்கே விஎம்ஸ்டாட்தான் துணை.

புதிய சர்வர் பற்றி யாரிடமாவது பேசப் போகிறீர்கள் என்றால், மெதுவாக இருக்கும் நேரத்திலேயே உட்கார்ந்து சிலவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ப்ராக் காட்டும் எண், அப்டைமின் மூன்று எண்கள், விஎம்ஸ்டாட்டின் ஆர், பி பத்திகள், டி நிலையில் நிற்கும் பணிகளின் பெயர்கள், பிரஷர் கோப்புகள் இருந்தால் அவற்றின் 60 விநாடி எண்கள். சிபியு நெருக்கடி என்று அந்தத் தாள் சொன்னால் கூடுதல் கோர்களைக் கேளுங்கள். மெமரி என்றால் இருக்கும் இயந்திரத்திலேயே நினைவகம் கூட்ட இடமிருக்கிறதா என்று கேளுங்கள். ஐஓ என்றால், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். முழு சர்வரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.